கடைசியில் பேசுகிறவர்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டு வாய்கள் அசைந்துகொண்டிருந்தன. ஏழு என்று திருத்திக்கொண்டார் மருதாசலம். எட்டாவது வாய் அவருடைய மகள் வெண்மணியுடையது, அது இன்னும் திறக்கவில்லை. திறக்கும், என்ன அவசரம். சத்தம் ஒரு சொட்டுகூட இந்தப் பக்கம் வரவில்லை. முதலாளிகள் கட்டுகிற கண்ணாடி எல்லாமே இப்படித்தான், பார்க்க விடுவான்கள், கேட்க விடமாட்டான்கள். சிங்காநல்லூரில் அவர் வேலை பார்த்த மில்லிலும் மேனேஜர் அறைக்கு இதே மாதிரி ஒரு கண்ணாடி இருந்தது. அதற்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே எந்த உதடு எப்படிச் சுழிக்கிறது என்று பார்த்தே, இந்த வருஷம் போனஸ் தேறுமா தேறாதா என்று ஸ்பின்னிங் செக்‌ஷனுக்கு ஆள் அனுப்பிவிடுவார். அப்போது பெஞ்சு, இப்போது சோபா. உட்கார்ந்தவனை இடுப்புவரைக்கும் உள்ளே இழுத்துக்கொள்கிற சோபா. இதிலிருந்து எழுந்து ஒரு கோஷம் போட வேண்டுமென்றால் முதலில் யாராவது கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும், அதையும் யோசித்துத்தான் வாங்கிப் போட்டிருப்பான்கள். குளிர் வேறு. ஏசிக் குளிர் முழங்காலில் ஏறி, அங்கிருந்து அடிவயிற்றுக்கு வந்து, மூத்திரம் முட்டுகிறது. போக மாட்டார். போன நேரத்தில் அவள் பேச ஆரம்பித்துவிட்டால்? கேட்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, அவள் வாய் திறப்பதைப் பார்க்கவாவது வேண்டாமா. உள்ளே அனுப்புவதற்கு முன்னால் கழுத்தில் அட்டை மாட்டிய பெண் ஒருத்தி வந்து, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்லிவிட்டுப் போனாள்: தலைப்பு போர்டில் எழுதியிருக்கும், யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், மணி அடித்தால் முடிந்தது, பேசாதவர்களுக்கு மதிப்பெண் போட வழியில்லை. வெண்மணி தலையை ஆட்டினாள். இவரும் ஆட்டினார். இதில் தேறினால் உதவித்தொகையோடு இடம். உதவித்தொகை இல்லாத இடம் இவர்களுக்கு நிலாவில் மனை மாதிரி, அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஓசூரைத் தாண்டிப் பொட்டல் காட்டில் முளைத்திருக்கிற இந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை நீ மிதிப்பாய் என்று போன வருஷம் யாராவது சொல்லியிருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பார். கல்வி வியாபாரத்தை ஒழிப்போம் என்று பீளமேட்டிலிருந்து சூலூர் வரைக்கும் சுவர் சுவராகச் சுண்ணாம்படித்து நீலத்தில் எழுதியது இந்தக் கைதான். அந்தச் சுவர்களில் ஒன்றின்மேல் இப்போது இவன்களுடைய விளம்பரத் தட்டி தொங்குகிறது, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் காலுக்குக் கீழே ‘ஒழிப்போம்’ மட்டும் மங்கலாக எட்டிப்பார்க்கிறது. தோழர்களிடம் சொல்லவில்லை. மகளை டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். சொன்னால் சிரிப்பான்கள். சிரிக்கட்டும், சிரிக்கிறவன் வீட்டுப் பிள்ளைகள் எங்கே படிக்கின்றன என்று இவருக்குத் தெரியாதா, ஒருவன் பேரன் ஊட்டி கான்வென்ட், ஒருவன் மகள் கனடா, அவன்களெல்லாம் மே தினத்தன்று கொடியேற்றிவிட்டு மத்தியானம் வீடியோவில் கனடாவோடு பேசுவான்கள். இவர் எங்கும் அனுப்பவில்லை. கூலி உயர்வு கேட்டதற்காகத் தஞ்சாவூர்ப் பக்கம் உயிரோடு எரிக்கப்பட்டவர்களின் ஊர்ப் பெயரை மகளுக்கு வைத்தவர், அவளை மில் லைன் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்த்தார். அங்கே பௌலின் டீச்சர்தான் விண்ணப்பத்தைத் தேடிப்பிடித்து அனுப்பிவைத்தவர். "அவ ஆல்ரவுண்டர் சார், இந்த மாதிரி பொண்ண அவங்க கொத்திட்டுப் போயிருவாங்க பாருங்க." ஆல்ரவுண்டர். அந்தச் சொல் காதில் விழுந்தபோது மருதாசலத்துக்கு ஞாபகம் வந்தது ஒரு படம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அவர். மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கையிலும் எட்டணா வெளியீட்டிலும். அப்படி ஒரு வெளியீட்டின் பின்னட்டையில் யாரோ ஒரு தோழர் கோட்டோவியமாகப் போட்டிருந்தார்: ஒரு தொழிலாளியின் பெண் குழந்தை, ஒரு கக்கத்தில் பந்து, ஒரு கையில் புத்தகம், காதில் செருகிய தூரிகை, பின்னால் சாய்த்துவைத்த வீணை. கீழே, நாளைய மனுஷி. வெளியீடு கரையான் தின்று போனது, படம் கண்ணைவிட்டுப் போகவில்லை. நாற்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்து, ஐம்பதை நெருங்கி ஒரு பெண் பிறந்து, அவளை அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் வளர்த்தார். வீணைக்கு மட்டும் வழியில்லை. மற்றதெல்லாம் வந்துவிட்டது, மாவட்ட ஹேண்ட்பால் அணி, ஓவியம், லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பகம், பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண். வந்து இங்கே, இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பச்சைச் சுடிதாரில் உட்கார்ந்திருக்கிறது.

அடுத்த சோபாவில் நந்தகோபால். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி, அதை உட்கார்ந்த உடனே சொல்லிவிட்டார். மருதாசலத்தின் மனைவி தெய்வானையும் திருப்பூரில்தான், வேறொரு கம்பெனியில், தையல் மெஷினில். அதை இவர் சொல்லவில்லை. நந்தகோபாலின் மகன் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு மேஜையின் தலைமாட்டில் இடம்பிடித்திருந்தான். மனிதர் நல்ல மனிதர், அதுதான் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இவரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டுகிறார். "ஏனுங்ண்ணா, பாப்பாவுக்கு எங்கீங்க கோச்சிங்?" "வீட்லதான்." "ஆன்லைனுங்களா?" "இல்லீங்க, வாசல்ல." நந்தகோபால் தொடையைத் தட்டிச் சிரித்தார். "மார்க்கு எல்லாப் பிள்ளைககிட்டயும் இருக்குதுங்ண்ணா, அது கணக்கிலயே இல்ல. பாப்பா வேற என்ன பண்ணுது?" மருதாசலம் சொன்னார். பந்து, படம், படிப்பகம், ஒவ்வொன்றாக, மேடையில் கோரிக்கைகளை வாசிக்கிற குரலில். கேட்கக் கேட்க நந்தகோபாலின் முகத்தில் ஒரு இரக்கம் வந்து உட்கார்ந்தது. "ஆல்ரவுண்டருங்களா. நம்ம பையனும் அதேதானுங்ண்ணா இருந்தான். நீச்சலு, கீபோர்டு, செஸ்ஸு. பெங்களூர்ல கன்சல்டன்ட்டுக்கிட்டக் கூட்டிட்டுப் போனோம், அவரு ஒரே போடாப் போட்டுட்டாரு. எல்லாப் பக்கமும் உருண்டையா இருக்கற பிள்ளைக இப்ப வேண்டாமாமா, ஒரு பக்கம் மட்டும் கூர்மையா இருக்கோணுமாமா. உருண்டைக ஆயிரக்கணக்குல உருண்டு வருதாமா." "அப்புறம்?" "அப்புறமென்னுங்க, எல்லாத்தையும் நிறுத்திப்போட்டுத் தேனீ." "தேனீயா?" "தேனீயக் காப்பாத்தறதுக்கு ஒரு ஃபவுண்டேஷன் வச்சிருக்கானுங்க." "காப்பாத்தச் சொல்லித் தேனீ மனு குடுத்துச்சுங்களா?" நந்தகோபால் மறுபடியும் தொடையைத் தட்டினார். "நீங்க பலே ஆளுங்ண்ணா." சிரிக்கிறான். சிரிக்க முடிகிறது அவனால். மருதாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை, அவர் உருண்டையிலேயே நின்றுவிட்டார். இந்த உருண்டையை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஆட்டம் காட்டினான்கள். உன் பிள்ளைக்குப் படிப்பு வந்தால் போதுமா, விளையாட்டு எங்கே, கலை எங்கே, நாலு பேரோடு பழகத் தெரியுமா. அவன்கள் வீட்டுப் பிள்ளைகள் காரில் போய்க் காரில் வந்து உருண்டையானார்கள். நம் வீட்டுப் பிள்ளை மண்ணில் விழுந்து எழுந்து, சாக்கட்டியில் படம் வரைந்து, ஒருவழியாக உருண்டையாகி வாசலுக்கு வந்தால் அளவு மாறிவிட்டதாம். கூலியில் ஒரு ரூபாய் ஏறினால் அன்று சாயங்காலமே லைன் வீட்டு வாடகையில் ஒன்றேகால் ரூபாய் ஏற்றுகிற அதே கை. தேனீயாம். இவள் படிப்பகத்தில் கூரைக்கு அடியில் குளவி கட்டியிருந்தது, அதைக் கலைக்காதீர்கள் என்று சொன்னவள்தான் இவளும். அதை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது.

"பாத்தீங்களா, உக்காந்ததும் நம்மாளு ஆரம்பிச்சுட்டான்" என்றார் நந்தகோபால், பிஸ்கட்டை மென்றுகொண்டே. "கோச்சு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காருங்க. முதல்ல வாய் தொறக்கறவனுக்கு அரை சீட்டு அங்கயே உறுதியாயிருது, என்ன பேசறங்கறதெல்லாம் ரெண்டாவதுன்னு. பாப்பா எப்பங்க பேசும்?" "பேசுவா." "சீக்கிரம் பேசச் சொல்லீருக்கோணுமுங்ண்ணா." முதலில் வாய் திறக்கிறவனுக்கா? மருதாசலத்துக்கு இதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எந்த ஊர் வழக்கம் இது. மில் வாசல் கூட்டத்தில் முதலில் பேசுகிறவன் யார், நேற்றுச் சங்கத்தில் சேர்ந்த பதிலித் தொழிலாளி, கை நடுங்கும், மைக்கை முட்டிக்கொள்வான், தோழர்களே தோழர்களே என்று நாலு தடவை சொல்லிவிட்டு இறங்கிவிடுவான். அவனைத்தான் முதலில் விட வேண்டும், கூட்டம் கூடுகிற நேரம், தப்பாகப் பேசினாலும் தெரியாது, அடுத்த தடவை தேறிவிடுவான். அப்புறம் ஒவ்வொருவராக. பேசத் தெரிந்தவன் கடைசி. அவன் கீழே உட்கார்ந்து ஒரு தாளை நீளவாட்டில் நாலாக மடித்து, முழங்காலில் வைத்து, யார் என்ன சொன்னார் என்று பெயரோடு குறித்துக்கொள்ள வேண்டும். எழுந்தால், தோழர் சுப்பையன் சொன்ன மாதிரி, தோழர் மரகதம் கேட்ட மாதிரி என்று ஒவ்வொருவர் சொன்னதையும் எடுத்து, நூலாக்கி, முறுக்கேற்றி, கயிறாகத் திரித்து மேனேஜர் கழுத்தில் போட வேண்டும். நடுங்கிப் பேசிய பதிலி தன் பெயரை அப்போது கேட்பான் பாருங்கள், அவன் முகம். கடைசியில் பேசுகிறவர்தான் தலைவர். அந்த மில் வாசலில் இருபது வருஷத்துக்கு மேல் கடைசியில் பேசியவர் மருதாசலம். மில் மூடியபிறகும் ரேஷன், பட்டா, தண்ணீர் என்று எந்தக் கூட்டமானாலும் கடைசியில் அவர்தான். வெண்மணிக்கு அப்போது மூன்று வயதோ நாலோ, மேடைக்கு அடியில் பழைய பேனர் துணியை விரித்து அவளைப் படுக்கவைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். தூங்கிவிட்டாள் என்று நினைப்பார்கள். வீட்டுக்குப் போகும்போது தோளில் கிடந்தபடியே, நீதான்ப்பா லாஸ்ட்டு, என்பாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை. ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிற பிள்ளைகள் மாதிரி இவள் பேச்சாளர் வரிசை கேட்டு வளர்ந்தவள். அப்போதுதான் மருதாசலத்தின் கண்ணுக்கு அது தட்டுப்பட்டது. மேஜைமேல் எல்லாப் பிள்ளைகளின் முன்னாலும் வெள்ளைத் தாள் முழுசாகக் கிடக்கிறது. அவள் தாளைக் காணோம். அவள் கை மேஜைக்குக் கீழே முழங்காலில் இருக்கிறது. தோள் அசைகிறது. எழுதுகிறாள். தாளை நீளவாட்டில் நாலாக மடித்து, ஒவ்வொருவர் பேசும்போதும் நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்து, குனிந்து, எழுதுகிறாள்.

மூத்திர முட்டல் மறந்துபோனது. ஐயோ கண்ணு. இங்கே அப்படியில்லை கண்ணு. ஏன், இருக்கட்டுமே, தப்பென்ன, எழுந்து பேசினால் ஒரு பயல் நிற்பானா இவள் முன்னால், போர்டில் எழுதியிருப்பதை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டார் அவர், வாட்டர் இருக்கிறது, சிட்டி இருக்கிறது, நகரத்தில் தண்ணீர் யாருக்குச் சொந்தம் என்றுதான் ஏதோ கேட்டிருக்கிறான்கள். இந்த எட்டுப் பேரில் குழாயடியில் நின்றவள் இவள் ஒருத்திதான். வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர், அதுவும் எந்த நாள் என்று தெரியாது. குடம் வைத்து இடம்பிடித்தால் குடம் காணாமல் போகும் என்று லைன் வீட்டுப் பெண்கள் கல்லை வைத்து இடம்பிடிப்பார்கள், எந்தக் கல் யாருடையது என்று அத்தனை பேருக்கும் தெரியும், ஒருத்தி கல்லை இன்னொருத்தி நகர்த்தமாட்டாள். வெண்மணி அந்தக் கற்களைப் படமாக வரைந்திருக்கிறாள், பக்கத்தில் ஒவ்வொரு பெயரும் போட்டு. காலிக்குடங்களோடு கார்ப்பரேஷன் வாசலில் உட்கார்ந்தபோது போலீஸ்காரி தூக்கி வேனில் ஏற்றியதில் இவளும் உண்டு. இதைச் சொன்னால் போதும். இந்த ஒன்றைச் சொன்னால் அந்த மேஜை எழுந்து நிற்கும். சொல்லாமல் அவள் பேனாவின் முனையால் எதிரில் இருந்த சோடாப்புட்டிக் கண்ணாடிப் பையனைக் காட்டுகிறாள், உங்களை யாரும் முடிக்க விடவில்லையே, சொல்லுங்கள் என்று வாய் திறக்காமலேயே கேட்கிறாள். அவன் தயங்கித் தயங்கி ஆரம்பிக்கிறான். இவள் குனிந்து எழுதுகிறாள். யாரும் கேட்காமலேயே தலைமை ஏற்று நடத்துகிறாள், நடத்துகிறாள் என்பது அங்கே ஒருவனுக்கும் தெரியவில்லை. ஓரத்தில் பைலோடு உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரும் நீலக்கோட்டைப் பார்த்துக் குறிக்கிறார்கள், கண்ணாடிப் பையனைப் பார்த்துக் குறிக்கிறார்கள், அவனைப் பேசவைத்தவளைப் பார்க்கவில்லை. குறிக்க என்ன இருக்கிறது, பேனா முனைக்கு மதிப்பெண் உண்டா.

கடைசியில் பேசுகிறவனுக்குக் கடைசி இருக்க வேண்டும். இதை நினைக்கக் கூடாது என்றுதான் அவர் இவ்வளவு நேரமும் பிஸ்கட்டையும் தேனீயையும் நினைத்துக்கொண்டிருந்தார். மில்லை மூடுவதா வேண்டாமா என்று பேச்சுவார்த்தை நடந்த அந்த நாள். வாசலில் இத்தனை சனம், சங்கம் சங்கமாகப் பேசினார்கள், பேசினார்கள், கட்சிக்காரன், சாதிச் சங்கத்துக்காரன், சென்னையிலிருந்து காரில் வந்தவன், ஒவ்வொருவனும் மைக்கை விடமாட்டேன் என்றான். இவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். விடுங்க தோழர், நீங்கதானே முடிச்சுவைக்கணும் என்றார்கள். அன்று மாதிரி ஒரு பேச்சு அவருக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை பின்னும் வந்ததில்லை. சட்டைப் பையில் இருந்தது, மடித்த தாளில், ஒவ்வொரு பெயரும் அதனதன் இடத்தில். மைக்கைப் பிடித்துத் தோழர்களே என்றார். உள்ளேயிருந்து தாசில்தார் வெளியே வந்தார், கையெழுத்தாகிவிட்டது என்று ஒரு சொல் சொன்னார். இன்னொரு சங்கத்தான் போட்டுவிட்டிருந்தான். கூட்டம் அப்படியே திரும்பி அறிவிப்புப் பலகைப் பக்கம் ஓடியது, செருப்பெல்லாம் கழன்று கிடந்தது, அந்தச் செருப்புகளுக்கு முன்னால் அவர் மைக்கோடு நின்றார். ஆள் வந்து மைக் வயரைச் சுருட்டுகிறவரைக்கும் நின்றார். அந்தத் தாளை அவர் எடுக்கவில்லை. தெய்வானை பார்க்காமல் சட்டையை ஊறவைத்துத் துவைத்துவிட்டாள். பையைத் திருப்பினால் வெள்ளைக் கூழ், தையல் இடுக்கெல்லாம் கூழ், நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார், ஒரு வாரத்துக்குச் சட்டை உதறும்போதெல்லாம் துணுக்குத் துணுக்காக விழுந்தது. என்ன எழுதியிருந்தார்? ஒரு வரிகூட ஞாபகமில்லை. பெயர்கள் மட்டும் ஞாபகமிருக்கின்றன. அந்தப் பெயர்களில் பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள், மீதிப் பேர் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனாலும், ஆனாலும், முந்திக்கொண்டு பேசியிருந்தால் மட்டும் மில் நின்றிருக்குமா. நிற்காது. முந்தியவனெல்லாம் என்ன ஆனான், கையெழுத்துப் போட்டவன் வீடு கட்டினான். இவர் மரியாதையோடு நின்றார். செருப்புகளுக்கு முன்னால்.

"என்னங்ண்ணா எந்திரிச்சுட்டீங்க, பாத்ரூமா? இந்தப் பக்கம்." மருதாசலம் எழுந்திருந்தார், சோபா எப்படி விட்டது என்று அவருக்கே தெரியவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றார். எப்படிச் சொல்வது. மேடையில் இருக்கிறவனுக்குக் கீழேயிருந்து தகவல் சொல்ல ஆயிரம் வழி இருந்தது அவர்களிடம். வேட்டி நுனியை இழுப்பது, துண்டுச் சீட்டு அனுப்புவது, சோடா பாட்டிலை முன்னால் நகர்த்துவது, கடிகாரம் கட்டாத மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவது. எல்லாம் போதும், முடி, இறங்கு என்பதற்கு. எழுந்திரு, பேசு, இப்போதே பேசு என்பதற்கு ஒரு சைகை இல்லை. அது தேவைப்படும் என்று எந்தத் தோழரும் யோசித்ததில்லை. கண்ணாடியைத் தட்டலாமா? தட்டினால் அட்டைக்காரப் பெண் வந்து வெளியே போகச் சொல்வாள், சொல்லட்டும், மகளுக்குக் குறி வைப்பான்களோ, அப்பன் ரவுடி என்று எழுதுவான்களோ. கை பாதிவரைக்கும் உயர்ந்தது. அப்போது வெண்மணி நிமிர்ந்தாள். நேராக அவரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இடது கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மெதுவாக ஒரு தடவை தாழ்த்தினாள். பொறு. அது அவருடைய கை. கூட்டம் கொதித்து, ஏறிக் குதிப்போம் வா என்று வாயிற்கதவை உலுக்கும்போது மேடையிலிருந்து அவர் காட்டுகிற கை, அந்த ஒரு கைக்கு ஆயிரம் பேர் அடங்கியிருக்கிறார்கள். எப்போது கற்றாள், மேடைக்கு அடியிலிருந்து அது தெரியாதே. அவள் முகத்தில் பயமில்லை, அவசரமில்லை, எல்லாம் கையில் சேர்ந்துவிட்ட ஒருத்தியின் முகம். பின்னட்டைப் படத்தில் இருந்த பெண்ணுக்குக்கூட இந்த முகம் இல்லை. சரிதானேப்பா என்று புருவத்தைத் தூக்கினாள். சரியில்லை கண்ணு, எழுந்திரு, எழுந்து கத்து என்று அவர் சொல்லியிருக்க வேண்டும், தலையைக் குறுக்கே ஆட்டினால் போதும், அது உலகத்துக்கே தெரிந்த சைகை. நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது அவருக்கு. அந்த விம்மலில், தான் என்ன செய்கிறோம் என்று தெரிவதற்கு முன்னால், மருதாசலம் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார்.

நீலக்கோட்டு இரண்டாவது தடவை பேசினான். பிறகு ஒரு பெண். பிறகு இரண்டு பேர் சேர்ந்து. வெண்மணி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள், மற்றப் பிள்ளைகளெல்லாம் உட்கார்ந்தே பேசினார்கள், இவள் எழுந்தாள், எழுந்துதான் பேச வேண்டும் சபையில், தாளை முழங்காலிலிருந்து எடுத்து, பிரித்து, சுற்றி ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். வாய் திறந்தது. திறந்ததை அவர் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார், பின்னால் யாராவது கேட்டால் சொல்வார், திறந்தது. அந்த நேரத்தில்தான் அந்தக் கண்ணாடி முதல் தடவையாக ஒரு சத்தத்தை இந்தப் பக்கம் விட்டது, மெல்லிசாக, பள்ளிக்கூட மணி மாதிரிகூட இல்லை, மைக்ரோவேவ் அடுப்பு மாதிரி. ஓரத்தில் இருந்த இருவரில் ஒருவர் பைலை மூடினார். ஏழு பிள்ளைகளும் எழுந்தார்கள், எல்லோரும் எழுந்ததால் அவள் ஒருத்தி நின்றுகொண்டிருந்தது இல்லாமல்போனது. அவள் அந்த ஓரத்து ஆளிடம் ஏதோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, கெட்ட சிரிப்பில்லை, பழகிய சிரிப்பு, கையை விரித்தார்.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். நந்தகோபால் மகன் தோளில் கைபோட்டு, "கலக்கிட்ட போ" என்றார், பிறகு மரியாதைக்காக இந்தப் பக்கம் திரும்பி, "பாப்பா என்ன கண்ணு பேசுச்சு?" என்றார். "எல்லாரும் நல்லாப் பேசுனாங்க அங்கிள்" என்றாள் வெண்மணி. கண்ணாடிப் பையன் அவளிடம் வந்து தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டுப் போனான். வாசல்வரைக்கும் நீளமான பாதை, இரண்டு பக்கமும் புல், புல்லில் தண்ணீர் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சிக்கொண்டிருந்தது, பட்டப்பகலில், யாருக்கும் இல்லாமல். அவளும் அதைப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்துக் கம்பியில் உட்கார்ந்தபிறகுதான் பேசினாள். "ஒரு நிமிஷம் குடுங்கன்னு கேட்டேன்ப்பா. எல்லாத்தையும் சேத்து ஒரே நிமிஷத்துல சொல்லிருவேன்னேன். டைம் முடிஞ்சா முடிஞ்சதுதானாம்." "ம்." "அவங்கவங்க சொன்னது அத்தனையும் இருந்துச்சு. அந்த நீலக்கோட்டுப் பையன்கூட ஒண்ணு நல்லதாச் சொன்னான், தெரியுங்களா. அதுல இருந்துதான் நம்ம குழாயடிக் கல்லுக்கு வரலாம்னு வச்சிருந்தேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் இவர் ஏதாவது சொல்லியிருப்பார், ஆட்சியை, அமைப்பை, முதலாளித்துவத்தை, வாய்க்கு வந்ததையெல்லாம். அதற்கெல்லாம் சொற்கள் தயாராக இருந்தன, எப்போதும் இருக்கும். "நீங்க தலையாட்டுனீங்களேப்பா" என்றாள், குற்றமாக இல்லை, ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக்கொள்கிற மாதிரி. அவர் ரோட்டைப் பார்த்தார். லாரி ஒன்று போயிற்று. அது போய் முடிகிறவரைக்கும் பார்த்தார். "ஆமா" என்றார். "அடுத்த மாசம் பெங்களூர்ல இன்னொண்ணு இருக்குன்னு பௌலின் மிஸ் சொன்னாங்க. அங்க உக்காந்ததும் ஆரம்பிச்சிருவேன். யார் பேசுனா என்ன பேசாட்டி என்ன." சொன்னாள் அவள், பச்சைத் தண்ணீர் மாதிரி, கோபம்கூட இல்லாமல். பேசு கண்ணு, முதலில் பேசு, கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் பேசு. அதைத்தானே அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வேண்டிக்கொண்டிருந்தார். இப்போது அவள் வாயிலிருந்து வந்ததும் கேட்கப் பிடிக்கவில்லை. மகள் தோற்றுப்போய் வந்திருப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த அறை அவளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டுதான் வெளியே விட்டிருக்கிறது. "என்ன பேசறதா இருந்த, சொல்லு, கேக்கறேன்" என்றார். குரல் மேடைக் குரலாக வரவில்லை. "இப்ப எதுக்குங்ப்பா." "சும்மா சொல்லு." "வேண்டாம்ப்பா. பஸ் வருது." பஸ் வரவில்லை. வெறும் ரோடு. அவள் தாளை மறுபடியும் நீளவாட்டில், பழைய மடிப்பிலேயே, நாலாக மடித்தாள். சுடிதாருக்குப் பக்கவாட்டில் ஒரு பை உண்டு, தெய்வானை கம்பெனித் துணியில் மிச்சம் பிடித்துத் தைத்துக்கொடுத்தது, ஆம்பளைச் சட்டை மாதிரி எனக்கும் பை வேணும் என்று இவள் அடம்பிடித்து வாங்கியது. அதில் தாளைச் செருகி, வெளியே தெரியாதபடி விரலால் அழுத்திவிட்டாள். மருதாசலம் அந்தக் கையைப் பார்த்தார். அவருக்கு ஒன்றே ஒன்றுதான் சொல்லத் தோன்றியது.

"துவைக்கப் போடறப்ப பாக்கெட்டப் பாத்துக்க கண்ணு."